கட்டைவிரல் அளவு அன்னபாக்கியம்

எங்கள் வீட்டுக்கும் எபனேசர் அண்ணாச்சியின் ஸ்டூடியோவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் அம்மா உரலில் மாவு இடித்தால் அந்தப் பக்கம் படத்துக்கு உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மூக்கு முளைத்துவிடும். கதை அளக்கவில்லை. பஞ்சு புரோக்கர் ஒருவர் இரட்டை மூக்கோடு விழுந்த தன் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே நியாயம் கேட்டு வந்தார்.

"ஒரு மூக்குக்குத்தான அண்ணாச்சி துட்டு வாங்கினாரு? இன்னொண்ணு சும்மா கெடச்சுதுன்னு வச்சுக்கிடும்" என்றாள் அம்மா, உலக்கையைக் கீழே வைக்காமலே. புரோக்கர் போய்விட்டார். எங்கள் அம்மா சந்தனமாரியிடம் உலக்கை கையில் இருக்கும்போது யாரும் அதிக நேரம் பேசுவதில்லை.

அந்தச் சுவரில் ஓர் ஓட்டை உண்டு. எலி போட்டது என்று அம்மா நம்புகிறாள். அவள் நம்பிக்கையை நான் கெடுப்பதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்ட பிறகு எனக்குக் கிடைத்த கல்வியெல்லாம் பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாக வந்ததுதான்.

எபனேசர் அண்ணாச்சி ஒல்லி. மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். 'கரிவிரல்' என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று தெரு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது, விசாரிக்கட்டும். வெயில் காலத்திலும் கோட்டுப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார், திரும்பி வருவார், ஒரே சட்டியில் சோறும் பருப்பும் பொங்குவார். ஸ்டூடியோவில் ஒரு திரை தொங்குகிறது. அதில் ஒரு மாளிகைப் படிக்கட்டு வரைந்திருக்கும். வழவழவென்று மேலே போய், மேலே ஒன்றுமே இல்லாமல் நின்றுவிடும். அதன் அடியில் தரையில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுவார். மாளிகைக்கு வந்த விருந்தாளியை யாரும் மேலே கூப்பிடாதது போல இருக்கும்.

ஒருநாள் அவர் இல்லாத நேரம் பார்த்துப் போய், படிக்கட்டின் உச்சியில் கரித்துண்டால் ஒரு கதவு வரைந்தேன், பாதி திறந்திருக்கிற மாதிரி. மறுநாள் வைவார் என்று காத்திருந்தேன். வையவில்லை. அழிக்கவும் இல்லை. எங்கள் ஊர்ப் புது மாப்பிள்ளைகள் எல்லாரும் அதிலிருந்து அந்தக் கோணல் கதவுக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இனி அன்னபாக்கியம்.

அன்னபாக்கியம் அவருடைய மனைவி. இருவரும் ரங்கூனில் ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். நாற்பத்தொன்றாம் வருஷம் அவர் தங்கை கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்குக் கப்பலேறினார். கிறிஸ்துமஸ் நேரம், படத்துக்குக் கூட்டம் வரும், கடையைப் பூட்டினால் பிழைப்பு போய்விடும் என்று அந்த அம்மாள் அங்கேயே நின்றுகொண்டார்கள். கல்யாணம் முடிந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் நின்றது. காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் வந்தார்கள்; அந்த அம்மாள் வரவில்லை. அண்ணாச்சி மதுரை, மதராஸ் என்று ரயிலடிகளில் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் தூத்துக்குடிக்கே திரும்பி, எங்கள் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து வாசலில் 'பாக்கியம் ஸ்டூடியோ' என்று பலகை மாட்டினார்.

ஊருக்கெல்லாம் படம் எடுத்தவரிடம் மனைவியின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் எடுத்ததெல்லாம் ரங்கூன் கடைச் சுவரில் மாட்டியிருந்தது. சுவரே இருக்கிறதோ என்னவோ. அவரிடம் இருந்தது ஓர் ஓவியம். தந்தச் சில்லின்மேல், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பக்கத்துக் கடை பர்மாக்கார ஓவியன் அன்பளிப்பாக வரைந்து கொடுத்தது. அதை ஓடாத பைக்கடிகாரக் கூட்டுக்குள் வைத்துக் கோட்டின் உள்பையில் போட்டிருப்பார். மணி கேட்டால் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "தெரியலடே" என்பார். நான் வேண்டுமென்றே பலமுறை மணி கேட்டிருக்கிறேன்.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் காயல்பட்டினத்திலிருந்து மூஸா காக்கா மறுபடி ரங்கூனுக்குப் புறப்படத் தயாரானார். அங்கே அவருடைய ஜவுளிக்கடை அண்ணாச்சியின் கடை இருந்த தெருவில்தான். புறப்படுமுன் ஸ்டூடியோவுக்கு வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, பேரச் சொல்லித் தேடுனா அங்கன நூறு பாக்கியம் நிப்பாங்க. ஆஸ்பத்திரியில, கன்னியாஸ்திரி மடத்துல, காட்டுப்பக்கம் ஊர்கள்ல, போற எடமெல்லாம் காட்டிக் கேக்கணும். மொகம் வேணும். நல்ல படமா நாலஞ்சு போட்டுத் தாங்க."

அண்ணாச்சி கடிகாரக் கூட்டைத் தொட்டுக்கொண்டே தலையாட்டினார். ஓவியத்தையே கொடுத்தனுப்பி, அதுவும் போய்விட்டால்? ஆகவே அதைப் படம் எடுக்க வேண்டும். மூஸா காக்கா ஊரைவிட்டுக் கிளம்பும் நாளுக்குள்.

நகத்தளவு ஓவியத்தைப் படம் எடுப்பது ஆளைப் படம் எடுப்பது போலில்லை. ஆளிடம் 'அசையாதே' என்று சொல்லலாம். ஓவியம் அசையாது, மற்றதெல்லாம் அசையும். முதல் படத்தில் ஓவியத்தை மூடியிருந்த கண்ணாடியில் ஜன்னலின் பிம்பம் விழுந்து, அன்னபாக்கியம் அம்மாள் நெற்றியில் கம்பி போட்ட ஜன்னலோடு இருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார். அடுத்ததில் பித்தளை லென்ஸின் மினுக்கம் வார்னிஷில் பட்டு, புருவ நடுவில் மூன்றாவது கண். கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, காமிராவுக்கு முக்காடு போட்டார். வெளிச்சத்தை ஒரே பக்கமிருந்து விட்டால் தூரிகைக் கோடெல்லாம் உழுத வயல் மாதிரி எழும்பியது. வடக்கு ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் தன் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மென்மையாக வெளிச்சம் விழும்படி செய்தார். சின்னது பெரிசாக விழக் காமிராவின் மடிப்புத் துருத்தியை அது போகிற மட்டும் இழுத்துவிட்டார். அப்படி இழுத்தால் வெகுநேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். வெகுநேரம் திறந்தால் அம்மாவின் உலக்கை.

"ஏளா சந்தனமாரி! செத்த நேரம் நிறுத்தேன்!"

"நிறுத்துதேன். ராத்திரி எம்புள்ளைக்கு உங்க படத்தையே அவிச்சுப் போடட்டுமா?"

ஆனால் நிறுத்தினாள். அப்புறம் அண்ணாச்சி கூப்பிடாமலே, "இடிக்கட்டுமா?" என்று சுவரைத் தட்டிக் கேட்டுவிட்டு இடிக்கவும் தொடங்கினாள்.

எல்லாம் சரியாக வந்தும் முகம் மட்டும் கரியாகவே விழுந்தது. ஓவியத்தில் அந்த அம்மாள் சிவப்புச் சால்வை போர்த்தியிருந்தார்கள். முகத்திலும் அந்தச் சிவப்பின் சாயலை ஓவியன் ஏற்றியிருந்தான். படம் பதிகிற சாதாரணக் கண்ணாடி பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. அதன் கண்ணுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடிகிறது. அதனால்தான் அன்னபாக்கியம் அம்மாள் அடுப்புச் சட்டி நிறத்தில் வந்தார்கள். ஓட்டை வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சி அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, "இவ்வளவு கறுப்பில்லட்டீ நீ" என்றார். எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

எல்லா நிறமும் தெரிகிற பிளேட் கொழும்பில் கிடைக்கும் என்றார்கள். தோணி ஓட்டும் தண்டல் ஜேசுபாதத்திடம் அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஜேசுபாதம் கொண்டுவந்தார். தோணித்துறையில் சுங்கக்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். வெளிச்சம் பட்டால் பிளேட் போச்சு.

"நான் என்ன சொன்னேன் தெரியுமாவே?" என்று ஸ்டூடியோ வாசலில் நின்று ஜேசுபாதம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "உள்ள புனிதரோட எலும்பு இருக்கு, பகல்ல தெறந்தா தெறந்தவன் கை முடங்கிப்போகும்னேன். அந்த ஆளு கையத் தொடச்சிக்கிட்டு, கொண்டு போவும்னுட்டான்."

"பொய் சொல்லிட்டீரே தண்டலாரே" என்றார் அண்ணாச்சி கவலையோடு.

"பாவம் எனக்கு, படம் உமக்கு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போக எனக்கு வேற நெறைய இருக்கு. இதையும் சேத்துக்கிடுவேன்."

அந்தப் பெட்டியில் இரண்டே பிளேட்.

அம்மா உலக்கையைச் சாத்திவிட்டு, தெருவில் கட்டைவண்டி வராமல் பார்க்க முனையில் போய் நின்றாள். வண்டிக்காரன் ஒருவன், "யாருக்குளா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டான். "பக்கத்து வீட்டு அண்ணாச்சி பொஞ்சாதிக்கி" என்றாள் அம்மா. அவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேறு சந்தில் போனான்.

அண்ணாச்சி முதல் பிளேட்டில் படம் எடுத்துவிட்டு, அதைக் கழுவ இருட்டறைக்குள் போனார். உள்ளே போனதும் கீர்த்தனை பாடுவார். அதுதான் அவருடைய கடிகாரம். முதல் மருந்துக்கு இத்தனை சரணம், அடுத்ததற்கு இத்தனை என்று கணக்கு. எந்தச் சரணத்தில் படம் எந்த நிலையில் இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். அன்றைக்கு முதல் வரியிலேயே பாட்டு நின்றது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சிவப்பு தெரிகிற பிளேட். சிவப்பு விளக்கு. முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகத் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறது. கொழும்பிலிருந்து சுங்கக்காரர் கண்ணில் படாமல் வந்த பிளேட்டை அவரே கொன்றுவிட்டார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கை அம்மாவிடம் நீட்டினார்.

"சந்தனம், இத வச்சுக்கோ. நான் வந்து கேட்டாலும் கொடுக்காத."

"நீங்க எதுக்குக் கேக்கப் போறீங்க?"

"கேப்பேன். என் கையப் பத்தி எனக்குத் தெரியும்."

மறுநாள் அடுத்த பிளேட். உள்ளே போனார். பாட்டு தொடங்கியது, வழக்கத்தைவிடச் சத்தமாக. இருட்டறை என்றாலும் அதுவரை அவர் முழு இருட்டில் வேலை பார்த்ததில்லை. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பாட்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சந்தனம்! ஒண்ணுமே தெரியல. மருந்துத் தொட்டி எது எதுன்னே தெரியல. வெளக்கக் கொண்டா!"

"வெளக்கு இங்க இல்ல."

"வெளையாடாத. கொண்டா!"

"கிணத்துல போட்டுட்டேன். பாட்ட விட்டுட்டீங்க பாருங்க. எங்க விட்டீங்களோ அங்கன இருந்து பாடுங்க."

விளக்கு அவள் மடியில்தான் இருந்தது. உள்ளே தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தது. அம்மாவுக்குக் கீர்த்தனை தெரியாது. எங்கள் வீட்டுச் சாமி வேறே. ஆனாலும் சுவரில் சாய்ந்துகொண்டு தாளத்துக்குத் தலையாட்டினாள்.

படம் வந்தது. அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. நகத்தளவு முகம் கையளவுக்கு வளர்ந்து, புருவ மயிர்கூடத் தனித்தனியாக, சால்வை மடிப்பின் நிழல் மெத்தென்று. அண்ணாச்சி நாலு படம் போட்டுக் காயவைத்தார். அன்றைக்குச் சட்டியில் பருப்பு கருகிய வாசம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது.

மூஸா காக்கா புறப்படும் நாள். சாயங்காலம் மதராஸுக்கு ரயில், அங்கிருந்து கப்பல். காலையில் வந்து குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"நல்லா இருக்கே. யாரு அண்ணாச்சி இது?"

அண்ணாச்சி சிரித்தார். விளையாடுகிறார் என்று நினைத்தார்.

"ரொம்ப லட்சணமா இருக்காங்க. உங்க தங்கச்சியா?" என்றார் மூஸா காக்கா. விளையாடவில்லை.

"பாக்கியம், காக்கா."

மூஸா காக்கா படத்தை மறுபடி பார்த்தார். தூக்கிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அவங்களுக்கு இங்கன எல்லாம் அம்மைத் தழும்பு உண்டுல்லா?"

பர்மாக்கார ஓவியன் மரியாதைக்காரன். ஒரு தழும்புகூடப் போடாமல் வரைந்து கொடுத்திருக்கிறான். அண்ணாச்சி ஐந்து வருஷமாகக் கடிகாரக் கூட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். இல்லாத தழும்பை அவர் கண்ணே ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிளேட்டுக்கு அந்தப் பாசம் கிடையாது. இருப்பதை மட்டும் எடுத்துவிட்டது.

"படம் வந்துட்டு" என்றார் அண்ணாச்சி. "அவ வரல."

மூஸா காக்கா குடையைக் கையில் எடுத்தார், மறுபடி சாய்த்து வைத்தார்.

"ரயில் சாயங்காலந்தான். நான் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வாரேன். ஒங்களால முடிஞ்சத செய்யுங்க."

எங்கள் ஊரில் படம் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் எதற்குப் போகிறார்கள்? அம்மைத் தழும்பு இல்லாமல் ஒருமுறையாவது தன்னைப் பார்த்துக்கொள்ளத்தான். கண்ணாடி பிளேட்டில் கறுப்பும் வெளுப்பும் இடம் மாறியிருக்கும், தழும்பு இருக்கும் இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளுத்துத் தெரியும். கூர்சீவிய பென்சிலால் அவற்றை மூடிவிட்டால் படத்தில் கன்னம் வழவழவென்று வரும். அண்ணாச்சி அதில் கெட்டிக்காரர். அவர் கையால் தழும்பு போன மணப்பெண்கள் கொற்கை வரைக்கும் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அன்றைக்கு அவர் பென்சிலை எடுக்கவில்லை. சவரக் கத்தியின் முனையை எடுத்தார். பிளேட்டைச் சாய்வுப் பலகையில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்தார். தழும்பை அழிக்க மூட வேண்டும். தழும்பு போடச் சுரண்ட வேண்டும். மூடியது பிடிக்காவிட்டால் துடைக்கலாம். சுரண்டியது சுரண்டியதுதான். இன்னொரு பிளேட் இல்லை.

வலது கையில் கத்தியைப் பிடித்தார். பிறகு கண்ணை மூடினார். இடது கையை எடுத்துத் தன் முகத்திலேயே வைத்தார். கறுத்த விரல் நுனி அவர் கன்னத்தில் மெல்ல நகர்ந்தது. நின்றது. அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து, பிளேட்டில் ஒரு புள்ளி சுரண்டினார். மறுபடி கண்ணை மூடினார். மூக்கோரம் ஒன்று. புருவத்துக்கு மேலே இரண்டு, ஒட்டிக்கொண்டு. காதுப்பக்கம் போன விரல் அங்கே இல்லை என்று திரும்பி வந்தது. வாயோரத்தில் ஒன்றைப் போட்டபோது அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அதற்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். அது அவர்கள் இரண்டு பேருக்குள்ளது.

நான் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றுதான் ஓட்டை போட்டது. அதைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அன்றைக்கு அம்மாவும் மாவு இடிக்கவில்லை. அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

மூஸா காக்கா வந்தார். ஈரம் காயாத புதுப் படங்களை அண்ணாச்சி நீட்டினார். காக்கா மேலே இருந்ததைப் பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க கடைக்கு வந்தா மொதல்ல குத்தம் சொல்லிட்டுத்தான் துணியத் தொடுவாங்க. 'இது சாயம் போகும் காக்கா'ம்பாங்க. இப்பவும் அதச் சொல்லத்தான் வாயத் தொறக்காங்க பாருங்க." படங்களைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "அல்லாஹ் நாடினா நல்ல சேதியோட வருவேன் அண்ணாச்சி."

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மூஸா காக்கா ஆள்மூலம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். படத்தைப் பார்த்தவர்கள் பலபேர். பார்த்த மாதிரி இருக்கிறது என்றவர்களும் உண்டு. ஆள் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறாராம்.

எபனேசர் அண்ணாச்சி இப்போது யாருடைய தழும்பையும் மூடுவதில்லை. மில்லர்புரத்திலிருந்து ஒரு பெண்வீட்டார் வந்து சண்டை போட்டார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற படம் வே! மொகமெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு!"

"இருக்குல்லா? அப்ப இருக்கட்டும்."

"ஊர்ல எல்லாவனும் புள்ளிய எடுத்துக் குடுக்கான். ஒமக்கு மட்டும் என்ன?"

"நாளைக்கி இந்தப் புள்ள எங்கயாவது தொலஞ்சு போனா எத வச்சுத் தேடுவீங்க?" என்றார் அவர்.

கல்யாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வந்த இடத்தில் இப்படிக் கேட்டால் யார் பொறுப்பார்கள்? பெண்ணின் அப்பா கையை ஓங்கிவிட்டார். அம்மாதான் உலக்கையோடு போய்ச் சமாதானம் செய்தாள். வாடிக்கை குறைந்துவிட்டது. போன மாதம் என்னை உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார். புன்னை மரத்திலிருந்து விழுந்த வடு நெற்றியில் அப்படியே இருக்கிறது. பின்னால் நான் வரைந்த கதவும் இருக்கிறது. இந்த மூஞ்சியைத் தொலைத்தால் தேடுவதற்கு அம்மா ஒருத்திதான் வருவாள். இருந்தாலும் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாசல் கண்ணாடிப் பெட்டியில், மாப்பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நடுவே, அன்னபாக்கியம் அம்மாளின் படம் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிறவர்கள், ரயிலடியிலிருந்து வருகிறவர்கள் யாராவது அந்தப் பெட்டி முன்னால் நின்றால் உள்ளே அண்ணாச்சி எழுந்துவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுவார். வெளியே வரமாட்டார். படிக்கட்டுத் திரைக்குப் பக்கத்தில் நின்று, நின்றவர் உள்ளே வருகிறாரா என்று பார்ப்பார். நின்றவர் அந்தக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். அண்ணாச்சி மறுபடி உட்காருவார்.

எனக்கு ஒருநாள் புத்தி வேலை செய்தது. கப்பலிலிருந்து இறங்கிய ஓர் ஆள் இந்தப் படத்தைப் பற்றித் தோணித்துறையில் விசாரித்தான் என்று ஒரு புளுகு. எங்கே, எப்படி நின்றான், என்ன சட்டை, எல்லாம் தயாராக இருந்தது. இதுவரை நான் சொன்ன புளுகுகளிலேயே இதுதான் உருப்படியானது. வாசல்வரைக்கும் போனேன். என் நிழல் கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்தது. உள்ளே அண்ணாச்சி, சோற்றுக் கையோடு, எழுந்து நின்றார்.

"ஓ, நீயாடே" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. மணி என்னன்னு கேக்கலாம்னு வந்தேன்."

அவர் இடது கையால் கோட்டுப் பையைத் துழாவிக் கூட்டைத் திறந்து பார்த்தார்.

"தெரியலடே."

அதிலிருந்து நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நடப்பதில்லை. எங்கள் வீட்டுக்குப் போவதென்றாலும் எதிர்ச் சாரியில் போய், எங்கள் வாசலுக்கு நேரே வந்தபிறகுதான் தெருவைக் கடக்கிறேன்.